மூச்சுக்கும் ஒரு கணக்கு வேணும்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



எனக்கு மேடையில் பேசிப் பழக்கம் கிடையாது. குழுவில் கணக்கு எழுதுவேன், அவ்வளவுதான். நான் படிச்சதும் பத்தாவது வரைக்கும்தான். "உங்க அத்தைக்கு மூச்சு விஷயத்துல நடந்ததைச் சொல்லு, நாலு பேருக்கு உதவும்"னு தலைவி அக்கா சொன்னாங்க. அதனால் வந்து நிக்கிறேன். ஏதாவது தப்பாச் சொல்லிட்டா பொறுத்துக்குங்க.

எங்க அத்தைக்கு இப்போ 58 வயசு. கல்யாணம் ஆகி வந்த நாளில் இருந்து நாற்பது வருஷம் அடுப்படியில் இருந்தவங்க. வேலிக்காத்தான் விறகு, சவுக்கு மிளாறு, வறட்டி, கரும்புச் சோகை, எது கிடைச்சாலும் எரிப்பாங்க. மழைக்காலத்தில் ஈர விறகு வச்சு, ஊதாங்குழலை வாயில வச்சு ஊதி ஊதித்தான் சோறு ஆக்கினாங்க. கூட்டுக் குடும்பம், பதினோரு பேருக்குச் சமையல். பீடி, சுருட்டு, மூக்குப்பொடி எந்தப் பழக்கமும் அவங்களுக்குக் கிடையாது.

அஞ்சாறு வருஷத்துக்கு முன்னால அவங்களுக்கு இருமல் வந்தது. காலையில எழுந்தா சளி. மார்கழி, தை பிறந்தா ராத்திரியில உட்கார்ந்துகிட்டே தூங்குவாங்க. ரேஷன் கடைக்கு நடந்தா நாலு இடத்தில் நிப்பாங்க. கேட்டா "வயசாயிடுச்சு இல்ல, அப்படித்தான் இருக்கும்"னு சொல்வாங்க. நாங்களும் அப்படித்தான் நினைச்சோம்.

ரொம்ப முடியாம போனா டவுனில் ஒரு கிளினிக்குக் கூட்டிட்டுப் போவோம். அங்கே "வீசிங்"னு சொல்லி ஒரு ஊசி போட்டு, மூணு வேளைக்கு மாத்திரை கொடுப்பாங்க. அன்னைக்கு ராத்திரி நல்லாத் தூங்குவாங்க. பத்து நாள் கழிச்சுத் திரும்ப அதே கதைதான். நான் அந்த கிளினிக்கைக் குறை சொல்ல வரலை. அந்த ஊசியில் என்ன மருந்து இருக்குதுன்னு அஞ்சு வருஷத்தில் நானும் ஒரு தடவைகூட கேட்டதில்லை.

போன வருஷம் தணிக்கைக்காகக் குழுவின் தீர்மான நோட்டைப் புரட்டிப் பார்த்துகிட்டு இருந்தேன். அதில் என் பேரில் மூணு உள்கடன். ஒண்ணு 2,000, ஒண்ணு 3,000, ஒண்ணு 5,000. மூணுக்கும் காரணம் "மாமியார் மருத்துவச் செலவு"ன்னு என் கையெழுத்திலேயே இருக்குது. பத்தாயிரம் ரூபா கடன் வாங்கி, வட்டியும் கட்டியிருக்கேன். ஆனா அவங்களுக்கு என்ன நோய்னு ஒரு பேர்கூட எனக்குத் தெரியலை. ஒரு ரூபா குறைஞ்சாலும் ராத்திரி பத்து மணி வரைக்கும் உட்கார்ந்து கணக்கைச் சரி பார்க்கிற நான், இந்த விஷயத்தில் கணக்கே இல்லாமச் செலவு பண்ணியிருக்கேன். அன்னைக்குத்தான் எனக்கு உறைச்சது.

அடுத்த வாரமே அத்தையை அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். நெஞ்சக நோய்ப் பிரிவுன்னு தனியா இருக்குது. முதலில் சளியை எடுத்து டிபி இருக்குதான்னு பார்த்தாங்க. இதை எல்லாரும் ஞாபகம் வச்சுக்குங்க. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தா முதலில் சளிப் பரிசோதனை. அரசு ஆஸ்பத்திரியில் அது இலவசம். அத்தைக்கு டிபி இல்லைன்னு வந்தது. எக்ஸ்ரே எடுத்தாங்க. அப்புறம் டாக்டரம்மா "ஊதிப் பார்க்கணும்"னு எழுதிக் கொடுத்தாங்க.

அந்தப் பரிசோதனைக்குப் பேர் ஸ்பைரோமெட்ரி. பேர்தான் பெரிசு. வலி கிடையாது, ஊசி கிடையாது. நாற்காலியில் நிமிர்ந்து உட்கார வச்சு, மூக்கில் ஒரு கிளிப் மாட்டுறாங்க, காத்து மூக்கு வழியா போகாம இருக்கிறதுக்கு. வாயில் ஒரு அட்டைக் குழாய். உதட்டை இறுக்கமா மூடிக்கணும். நெஞ்சு நிறைய காத்தை இழுத்து, ஒரே மூச்சில் வேகமா ஊதணும். காத்து தீர்ந்துட்ட மாதிரி தெரிஞ்சாலும் விடாம ஆறு விநாடியாவது ஊதிக்கிட்டே இருக்கணும்.

அத்தைக்கு முதல் தடவை சரியா வரலை. ஊதாங்குழல் பழக்கம், "ஃபூ, ஃபூ"ன்னு விட்டு விட்டு ஊதினாங்க. மிஷின்கிட்ட இருந்த பொண்ணு சிரிச்சுகிட்டே, "பாட்டி, அடுப்பு ஊதுற மாதிரி ஊதாதீங்க. ஒரே தம், விடாம, விடாம, இன்னும், இன்னும்"னு பக்கத்திலேயே நின்னு கத்திச்சு. நாலாவது தடவைதான் பிடிபட்டது. மூணு தடவை சரியா ஊதினால்தான் கணக்கில் எடுத்துக்குவாங்களாம். ஒரு தடவைக்கும் இன்னொரு தடவைக்கும் ரொம்ப வித்தியாசம் இருந்தா ஒத்துக்க மாட்டாங்க.

அதுக்கப்புறம் மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்தை உறிஞ்ச வச்சாங்க. கால் மணி நேரம் உட்கார வச்சுட்டுத் திரும்ப ஊதச் சொன்னாங்க. மருந்துக்கு முன்னால ஒரு கணக்கு, பின்னால ஒரு கணக்கு.

டாக்டரம்மா அந்தத் தாளை வச்சுகிட்டு எனக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்றேன். அதில் முக்கியமா இரண்டு எண் இருக்குது. முதல் எண், நெஞ்சு நிறைய இழுத்த காத்தில் மொத்தமா எவ்வளவு வெளியே விட முடியுதுங்கிறது. அதை எஃப்.வி.சி.ன்னு எழுதுவாங்க. இரண்டாவது எண், அதில் முதல் ஒரு விநாடியில் எவ்வளவு வெளியே வந்ததுங்கிறது. அது எஃப்.இ.வி. ஒன்று.

குடத்துத் தண்ணியைக் கவிழ்த்தா சட்டுன்னு கொட்டிடும். அதே தண்ணியைச் சின்ன வாய் பாட்டிலில் ஊத்திக் கவிழ்த்தா மடக் மடக்குன்னு மெதுவாத்தான் வரும். தண்ணி இரண்டிலும் ஒண்ணுதான், வாய்தான் குறுகல். நல்ல நுரையீரல் இருக்கிறவங்களுக்கு மொத்தக் காத்தில் முக்கால் பங்கோ அதுக்கு மேலோ முதல் விநாடியிலேயே வந்துடும். மூச்சுக்குழாய் குறுகிப் போயிருந்தா மெதுவாத்தான் வரும். மருந்து கொடுத்த பிறகும் முதல் விநாடியில் நூற்றுக்கு 70 பங்குக்குக் கீழே இருந்தா, அது நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய். சுருக்கமா சி.ஓ.பி.டி.ன்னு சொல்றாங்க.

எங்க அத்தைக்கு மருந்துக்கு அப்புறம் மொத்தக் காத்து 1.94 லிட்டர். முதல் விநாடியில் வந்தது 1.06 லிட்டர். வகுத்தா நூற்றுக்கு 55 கூட வரலை. அவங்க வயசு, உயரத்துக்கு இருக்க வேண்டிய அளவில் பார்த்தா நூற்றுக்கு 58தான் இருக்குது. மருந்துக்கு முன்னால 1 லிட்டர், பின்னால 1.06. வித்தியாசம் ரொம்பக் கம்மி. ஆஸ்துமாவாக மட்டும் இருந்தால் மருந்து போனதும் குழாய் நல்லா விரியும், எண் நல்லா ஏறும், இவங்களுக்கு அப்படி ஏறலை, இது நாளாவட்டத்தில் இறுகிப் போனதுன்னு சொன்னாங்க.

"வீட்டில் யார் பீடி பிடிக்கிறாங்க?"ன்னு கேட்டாங்க. யாரும் இல்லைன்னு சொன்னோம். "அப்போ அடுப்பு என்ன அடுப்பு?"ன்னு கேட்டாங்க. அஞ்சு வருஷத்தில் அந்தக் கேள்வியை முதல் தடவையா அன்னைக்குத்தான் ஒருத்தர் கேட்டாங்க. அத்தை ஒண்ணும் பேசலை. தலையைக் குனிஞ்சுகிட்டாங்க, ஏதோ தப்பு பண்ணின மாதிரி. டாக்டரம்மா அவங்க கையைப் பிடிச்சு, "நீங்க தப்பு எதுவும் செய்யலைம்மா. பதினோரு பேருக்குச் சோறு போட்டீங்க"ன்னு சொன்னாங்க. எனக்குத்தான் கண்ணில் தண்ணி வந்துடுச்சு.

வீட்டுக்கு வந்து என் மகளிடம் சொன்னேன். அவள் படிச்சுப் பார்த்துச் சொன்னதில் ஒண்ணு இது. நம்ம தமிழ்நாட்டிலேயே, திருவள்ளூர் மாவட்டத்தில் 45 கிராமங்களில், 30 வயசுக்கு மேல் உள்ள, புகைபிடிக்காத 900 பெண்களைச் சோதிச்சுப் பார்த்திருக்காங்க. 2011-ல் அந்த ஆய்வு வெளியாகியிருக்குது. நூற்றுக்கு ஏறக்குறைய இரண்டரைப் பேருக்கு இந்த நோய் இருந்திருக்குது. ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் அடுப்படியில் சமைக்கிற பெண்களிடம் அது நூற்றுக்கு மூணு. நம்ம கூட்டமைப்பில் எத்தனை பேர் இருக்கோம்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க. உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021-ல் மட்டும் உலகம் முழுக்க 35 லட்சம் பேர் இந்த நோயால் இறந்திருக்காங்க.

ஊதிப் பார்க்கிற கருவி ஒண்ணும் புதுசு இல்லை. ஜான் ஹட்சின்சன்னு இங்கிலாந்து டாக்டர் ஒருத்தர் 1846-லேயே அதைப் பற்றி எழுதி, இரண்டாயிரம் பேருக்கு மேல் அளந்து காட்டியிருக்கிறார். அது நம்ம வீட்டுப் பாட்டிகளுக்கு வந்து சேர இத்தனை காலம் ஆகுது.

அடுத்த முறை போனப்போ இன்னொரு சோதனை செஞ்சாங்க. முதலில் பார்த்தது எவ்வளவு காத்து வருது, எவ்வளவு வேகமா வருதுங்கிறது. இது அந்தக் காத்துக்குள்ளே என்ன கலந்திருக்குதுன்னு பார்க்கிறது. நம்ம மூச்சுக்குழாயில் ஒவ்வாமை வீக்கம் இருந்தா, அங்கே நைட்ரிக் ஆக்சைடுன்னு ஒரு வாயு அதிகமா உண்டாகி மூச்சோட வெளியே வருமாம். மனுஷன் விடுகிற மூச்சில் அந்த வாயு இருக்குதுன்னு 1991-ல் சுவீடனில் கண்டுபிடிச்சிருக்காங்க. அதை அளக்கிற சோதனைக்கு ஃபீனோன்னு பேர்.

இதில் வேகமா ஊதக் கூடாது. ஒரே சீராக, மெதுவாக, பத்து விநாடி ஊதணும். நூறு கோடிப் பங்கில் எத்தனை பங்கு அந்த வாயு இருக்குதுன்னு மிஷின் எண் காட்டும். பெரியவங்களுக்கு 25-க்குக் கீழே இருந்தா அந்த மாதிரி வீக்கம் இருக்க வாய்ப்பு குறைவு. 50-க்கு மேலே இருந்தா அதிகம், அவங்களுக்கு ஸ்டீராய்டு கலந்த உறிஞ்சு மருந்து நல்லா வேலை செய்யும். எங்க அத்தைக்கு 18. ரத்தப் பரிசோதனையையும் சேர்த்துப் பார்த்துட்டு, இப்போதைக்கு அவங்களுக்கு மூச்சுக்குழாயை விரிக்கிற மருந்து போதும், ஸ்டீராய்டு வேண்டாம்னு முடிவு பண்ணினாங்க. இத்தனை வருஷம் போட்ட ஊசிகளில் ஸ்டீராய்டு இருந்திருக்கலாம், அதை அடிக்கடி உடம்பில் ஏத்தினா சர்க்கரை ஏறும், எலும்பு பலவீனமாகும்னு அப்போதான் சொன்னாங்க. தேவையா தேவையில்லையான்னு அளந்து பார்த்துக் கொடுக்கிறதுக்கும், அளக்காமக் கொடுக்கிறதுக்கும் உள்ள வித்தியாசம் அதுதான்.

ஃபீனோ சோதனைக்குப் போறதா இருந்தா ஒரு மணி நேரத்துக்கு முன்னால் எதுவும் சாப்பிடக் கூடாது. கீரை, பீட்ரூட் சாப்பிட்டுட்டுப் போனா எண் கூடிக் காட்டும். பீடி, சிகரெட் பிடிக்கிறவங்களுக்குக் குறைச்சுக் காட்டும். இந்த மிஷின் எல்லா ஆஸ்பத்திரியிலும் இல்லை. எல்லாருக்கும் தேவையும் இல்லை. இதை மட்டும் வச்சு சி.ஓ.பி.டி. இருக்குதா இல்லையான்னு சொல்ல முடியாது. அதைச் சொல்றது ஸ்பைரோமெட்ரிதான். இது எந்த மருந்து பொருந்தும்னு சொல்ல உதவுது.

இன்னொரு சோதனையைப் பற்றியும் அங்கே கேட்டேன். இட்லிச் சட்டி மூடியின் உள்பக்கம் ஆவி குளிர்ந்து தண்ணியாச் சொட்டுது இல்லையா, அதே மாதிரி நாம் விடுகிற மூச்சைக் குளிர்ந்த குழாய்க்குள் விட்டா கொஞ்சம் தண்ணி சேருமாம். அந்தத் தண்ணியில் ஹைட்ரஜன் பெராக்சைடு மாதிரி பொருள்கள் எவ்வளவு இருக்குதுன்னு பார்த்து, நுரையீரலுக்குள்ளே புண், வீக்கம் எந்த அளவுன்னு கண்டுபிடிக்கப் பார்க்கிறாங்க. அது இன்னும் ஆராய்ச்சியில்தான் இருக்குது. யாராவது உங்களிடம் "மூச்சுத் தண்ணியில் எல்லா நோயும் தெரிஞ்சுடும்"னு சொல்லிப் பணம் கேட்டா கொடுக்காதீங்க.

விரலில் மாட்டுகிற மிஷின் நம்ம பல பேர் வீட்டில் கொரோனா காலத்தில் வாங்கியது இருக்குது. அதைப் பற்றி ஒண்ணு சொல்லணும். எங்க அத்தைக்கு அதில் 96 காட்டும். "96 இருக்கு, ஒண்ணும் இல்லை"ன்னு நானே பல தடவை சொல்லியிருக்கேன். அது தப்பு. ரத்தத்தில் ஆக்சிஜன் குறையறது நோய் ரொம்ப முத்தின பிறகுதான். மூச்சுக்குழாய் பாதி சுருங்கினவங்களுக்கும் உட்கார்ந்திருக்கும்போது 96 காட்டலாம். விரல் மிஷின் வேற, ஊதிப் பார்க்கிறது வேற. அதோட, புகை மூட்டத்தில் இருந்துட்டு வந்தவங்க ரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு கலந்திருந்தா, அந்த மிஷின் அதையும் ஆக்சிஜன்னு நினைச்சு எண்ணிக் காட்டிடும். நகத்தில் மருதாணி, நெயில் பாலிஷ் இருந்தாலும் சரியாக் காட்டாமப் போகலாம்.

இப்போ என் கதைக்கு வரேன். அத்தைக்குப் பார்த்து முடிச்சதும் டாக்டரம்மா என்னைப் பார்த்து, "நீ எத்தனை வருஷமா அந்த அடுப்புல சமைக்கிற?"ன்னு கேட்டாங்க. பத்தொன்பது வயசில் வந்தேன், பதினேழு வருஷம்னு சொன்னேன். "நீயும் உட்காரு, ஊது"ன்னாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை மேடம்னு சொன்னேன். "உங்க அத்தையும் அப்படித்தானே சொல்லியிருப்பாங்க"ன்னு கேட்டாங்க. ஊதினேன்.

எனக்கு மொத்தம் 2.60 லிட்டர், முதல் விநாடியில் 1.95. நூற்றுக்கு 75. எழுபதுங்கிற கோட்டுக்கு மேலேதான் இருக்கேன். நோய் இல்லை. ஆனா 36 வயசுக்கு இன்னும் கொஞ்சம் கூட இருக்கணும், வருஷத்துக்கு ஒரு தடவை வந்து ஊதிப் பாருன்னு சொன்னாங்க. முப்பது வயசுக்கு மேல் எல்லாருக்குமே வருஷத்துக்கு ஏறக்குறைய 25, 30 மில்லி அளவு குறையும், அது இயற்கை, புகைக்குள்ளே இருந்தா இன்னும் வேகமா குறையும், போனது திரும்ப வராதுன்னாங்க. அந்தத் தாளை மடிச்சு இடுப்பில் சொருகிட்டு பஸ்ஸில் வந்தேன். வழியெல்லாம் அதே நினைப்புதான். எங்க அத்தையும் 36 வயசில் 75-லதான் இருந்திருப்பாங்களோ? அப்போ யாராவது ஊதச் சொல்லியிருந்தா?

எங்க வீட்டில் கேஸ் சிலிண்டர் அப்பவும் இருந்தது. அதில் டீ போடுவோம், விருந்தாளி வந்தா சமைப்போம். சோறு, குழம்பு, வெந்நீர் எல்லாம் விறகில்தான். சிலிண்டர் விலை அப்படி. உங்க பல பேர் வீட்டிலும் இப்படித்தான்னு எனக்குத் தெரியும். இலவச இணைப்பு வாங்கினவங்களுக்கும் அடுத்த சிலிண்டருக்குக் காசு வேணுமே. அன்னைக்கு ராத்திரி வீட்டுக்காரரிடம் இனி சமையல் முழுக்க கேஸில்தான்னு சொன்னேன். "சிலிண்டர் மாசம் தாங்காது, யார் கொடுக்கிறது?"ன்னு கேட்டார். சண்டை போடலை. இரண்டு தாளையும் எடுத்து அவர் முன்னால் வச்சேன். இது உங்க அம்மா, 55 கூட இல்லை. இது நான், 75. நம்ம மகள் அந்த அடுப்புக்கு இன்னும் போகலைன்னு சொன்னேன். ரொம்ப நேரம் தாளையே பார்த்துகிட்டு இருந்தார். பேசிப் பார்த்திருந்தா நடந்திருக்காது. எண்ணைப் பார்த்ததும் நடந்தது. இப்போ உள்ளே சமையல் எல்லாம் கேஸ். வெந்நீரும் நெல் அவிக்கிறதும் மட்டும் வெளியே, தோட்டத்தில், காத்தோட்டமான இடத்தில் விறகு அடுப்பில். அதையும் அத்தை பக்கத்தில் வச்சுக்கிறதில்லை.

அத்தைக்கு உறிஞ்சு மருந்து கொடுத்தாங்க. "பம்ப் எடுத்தா பழகிடும், கடைசிக் கட்டத்தில்தான் எடுக்கணும்"னு ஊரில் எல்லாரும் பயமுறுத்தினாங்க. நான் அதையும் கேட்டேன். சால்பியூட்டமால்னு ஒரு மருந்து. மாத்திரையில் 4 மில்லிகிராம் இருக்குது. பம்பில் ஒரு அழுத்துக்கு 100 மைக்ரோகிராம். அதாவது ஒரு மாத்திரையில் இருக்கிற மருந்து நாற்பது தடவை பம்ப் அழுத்தினால்தான் வரும். பம்பில் நேரா நுரையீரலுக்குப் போறதால் கொஞ்சம் மருந்தே போதும். எதுக்குப் பயப்படணும் சொல்லுங்க. ஆனா எப்படி உறிஞ்சணும்னு ஒரு தடவை சரியாக் கத்துக்கணும். இல்லைன்னா மருந்து வாயிலேயே தங்கிடும்.

ஆறு மாசம் கழிச்சுத் திரும்ப ஊதினாங்க. நான் ரொம்ப ஆசையாப் போனேன், எண் ஏறியிருக்கும்னு. 1.05. ஏறவே இல்லை. முகம் வாடிட்டேன். டாக்டரம்மா சொன்னாங்க, "இந்த நோயில் கீழே போகாம நிக்கிறதே லாபம்மா." அப்புறம் ஆறு நிமிஷம் நடக்க வச்சுப் பார்த்தாங்க. முதலில் 290 மீட்டர் நடந்தவங்க, இப்போ 340 மீட்டர். ரேஷன் கடைக்குப் போக நாலு இடத்தில் நின்னவங்க இப்போ மாரியம்மன் கோவில் திண்ணையில் ஒரே ஒரு தடவை உட்கார்ந்துட்டுப் போறாங்க. இந்த ஆறு மாசத்தில் ஒரு ஊசிகூட போடலை. தீர்மான நோட்டில் மருத்துவக் கடன்னு என் பேர் வரலை.

இதெல்லாம் சொல்லிட்டு, கூட்டமைப்பிடம் மூணு விஷயம் கேட்டுக்கிறேன்.

முதலாவது, மாதக் கூட்டத்தில் சந்தா வசூல் முடிஞ்சதும் ஊக்குநர் மூணு கேள்வி கேட்கணும். உங்களுக்கோ வீட்டில் பெரியவங்களுக்கோ இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருக்குதா? பெரும்பாலான நாள் காலையில் சளி வருதா? உங்க வயசுக்காரங்களோட நடந்தா மூச்சு வாங்கிப் பின்னால் நிக்கிறீங்களா? ஒண்ணுக்கு ஆமாம்னு சொன்னாலும் ஆஸ்பத்திரிக்குப் போகணும். மக்களைத் தேடி மருத்துவத்தில் வீடு வீடா வருகிற தன்னார்வலர்களும் நம்ம குழுப் பெண்கள்தானே. பிரஷர், சுகர் பார்க்க வரும்போது அவங்ககிட்டயும் இதைச் சொல்லலாம்.

இரண்டாவது, ஊதிப் பார்க்கிற மிஷினோடு ஒரு முகாம் நடத்தச் சொல்லி, கூட்டமைப்புத் தீர்மானம் போட்டு ஆஸ்பத்திரிக்கு மனு கொடுக்கணும். கண் முகாம் கேட்டோம், வந்தாங்க. இதையும் கேட்டா வருவாங்க. சமீபத்தில் மாரடைப்பு வந்தவங்க, கண்ணிலோ வயித்திலோ ஆபரேஷன் ஆனவங்க, சளியில் ரத்தம் வர்றவங்க அதை முன்கூட்டியே சொல்லிடணும். அவங்க அழுத்தி ஊதக் கூடாது.

மூணாவது, சிலிண்டர் வாங்க முடியாத மாசத்தில் அதுக்கு உள்கடன் கொடுக்கிறதை எல்லாக் குழுவும் ஏத்துக்கணும். "சிலிண்டருக்கெல்லாமா கடன்?"னு கேட்பீங்க. நான் ஊசிக்குக் கடன் வாங்கினவள். எது மேல்னு எனக்குத் தெரியும். புகை போக்கி வைக்கிறதுக்கும், அடுப்படியில் ஜன்னல் திறக்கிறதுக்கும் கொடுங்க.

இன்னும் ஒண்ணு. நம்ம ஒவ்வொருத்தர் பாஸ்புக்கிலும் கடைசிப் பக்கம் சும்மாத்தான் இருக்குது. என் பாஸ்புக்கில் அந்தப் பக்கத்தில் தேதி போட்டு 75-ன்னு எழுதி வச்சிருக்கேன். பக்கத்தில் அத்தையோடது. அடுத்த வருஷம் ஊதிட்டு வந்து கீழே எழுதுவேன். நீங்களும் ஊதுங்க, எழுதி வைங்க. எழுதாத கணக்கு எந்தக் குழுவிலும் செல்லாதுன்னு நம்ம எல்லாருக்கும் தெரியும்.

எங்க அத்தை இன்னைக்கு இங்கே வந்திருக்காங்க. மூணாவது வரிசையில் பச்சைப் புடவை. பஸ் ஸ்டாப்பில் இருந்து இந்த மண்டபம் வரைக்கும் நடந்தே வந்தாங்க. மண்டபத்துக்கு வெளியே கொஞ்சம் நின்னாங்க, அவ்வளவுதான். சாப்பாட்டு நேரத்தில் அவங்ககிட்ட பேசுங்க. ஊதுறது எப்படின்னு என்னைவிட அவங்களே நல்லாச் சொல்லிக் கொடுப்பாங்க.